வலியின் அருகே சற்று அமர்ந்து

கிராமத்துத் தெருவில் எதிர்ப்படும் ஒருவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், "ஏதோ இருக்கோம்" என்ற விடையே பெரும்பாலும் வரும். அந்த 'ஏதோ' என்னும் சிறு சொல்லுக்குள் இடுப்பின் கடுப்பும், முழங்காலின் குடைச்சலும், தோள்பட்டையின் பிடிப்பும் ஒளிந்திருக்கின்றன. கேட்டவர் நின்று விசாரிப்பதில்லை, சொன்னவரும் விரித்துரைப்பதில்லை. இருவருக்கும் வேலை காத்திருக்கிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சொல்லப்படாமலும் கேட்கப்படாமலும் கிடக்கும் வலியைக் குறித்துச் சில சிந்தனைகளை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடையில், மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறவர்கள். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர்களும், அடுத்த தெருக்களில் வாழும் பிற சமயத்தவர் சிலருமாகப் பதினொருவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களே எங்களுள் மிகுதி. ஒருவர் தையல் வேலை செய்பவர்; ஒருவர் தென்னை ஏறி விழுந்தவர்; ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; இன்னொருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். சம்பா நடவு முடிந்திருந்த ஒரு பருவத்தில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மாலை வேளையில் கூடிவருகிறோம். எங்களை ஒன்றுகூட்டியது வலியே. நாட்பட்ட வலியோடு வாழ்வோருக்கு உதவக்கூடியது என்று மருத்துவ உலகில் பலர் ஏற்றுக்கொண்டுள்ள விழிப்புத் தியானத்தை நகரத்துப் பயிற்சி ஒன்றில் கற்று, அதை எங்களுக்கு எடுத்து வந்தவர் அந்தச் செவிலியர்.

முதல் மாலையில் நாங்கள் தியானம் எதுவும் செய்யவில்லை. நம் மொழி வலிக்கு வைத்திருக்கும் பெயர்களை எண்ணினோம். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களே மிகுதியான சொற்களைத் தந்தனர். குடைச்சல் எலும்புக்குள்ளே நடப்பது. கடுப்பு உழைத்த தசையில் தங்குவது. மதமதப்பு பாதி உணர்வு போனது என்று அவர்கள் வேறுபடுத்திச் சொன்னபோது, செவிலியராயிருந்தவர் வியந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'உளைச்சல்' என்ற சொல்லில் வந்து எல்லாரும் சற்று நின்றோம். கால் உளைச்சல் என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடலின் நோவுக்கும் உள்ளத்தின் நோவுக்கும் ஒரே பெயரை வைத்த நம் முன்னோர், இவ்விரண்டும் தொலைவில் இல்லை என்பதை அறிந்தே வைத்திருப்பார்களோ என்று தோன்றியது.

காவல் நாயும் மதகும்

வலி இயல்பில் நமக்குப் பகை அன்று. நெருப்பைத் தொட்ட கை தானே பின்வாங்குவதும், முள் தைத்த கால் நிலத்தில் ஊன்ற மறுப்பதும் வலியின் காவலால்தான். ஆனால் காயம் ஆறியபின்னும், எக்ஸ்ரே படத்தில் பெரிதாக ஒன்றும் தென்படாத நிலையிலும், சில வலிகள் நீங்காமல் தங்கிவிடுகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று மருத்துவர்கள் வகுக்கின்றனர். திருடன் போனபின்னும் குரைத்துக்கொண்டிருக்கும் காவல் நாயைப்போல, நரம்புகளும் மூளையும் அபாய அறிவிப்பை நிறுத்தாமல் விடுத்துக்கொண்டிருக்கும் நிலை இது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் இடுப்பு வலியால் மட்டும் அவதியுற்றோர் 61 கோடியே 90 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதரை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களுள் அதுவே உலகில் முதலிடத்தில் நிற்கிறது.

வலியைப் பற்றிய அறிவியல் சிந்தனையைத் திருப்பிவிட்ட ஆண்டு 1965. கனடா நாட்டு உளவியலார் ரொனால்ட் மெல்சாக் என்பவரும், ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் பேட்ரிக் வால் என்பவரும் அவ்வாண்டு ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். உடலிலிருந்து வரும் வலிச் செய்தி நேராக மூளைக்குச் சென்றுவிடுவதில்லை. முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே செல்கிறது. அந்த வாயில் சில வேளை அகலத் திறக்கும், சில வேளை ஒடுங்கும் என்பது அதன் சாரம். பாசன ஊரில் வாழும் எங்களுக்கு இதை மதகு என்று சொன்னதும் விளங்கிற்று. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பு மதகைச் சற்றுத் தாழ்த்துகிறது. அச்சமும் கவலையும் தூக்கமின்மையும் அதை உயர்த்திவிடுகின்றன. மேலிருந்து, அதாவது மூளையிலிருந்து வரும் செய்திகளும் மதகை இயக்க வல்லவை. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும், இந்த அடிப்படை நிலைத்துவிட்டது.

அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறையும் வலியை வெறும் உடல் உணர்வாகக் கொள்வதில்லை. உணர்ச்சியும் அதில் கலந்தே இருக்கிறது என்கிறது. தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அச்சொல் மதிக்கப்பட வேண்டும் என்றும் அக்கழகம் சேர்த்துக் கூறியுள்ளது. "வேலைக்குப் போக மனமில்லாமல் இடுப்பைப் பிடிக்கிறாள்" என்று வீட்டிலேயே பேச்சுக் கேட்கும் பெண்களுக்கு இதை எடுத்துச் சொன்னபோது, இருவர் கண்கலங்கினர். தங்கள் சொல்லை நம்பச் சொல்லி எங்கோ ஒரு சபை எழுதி வைத்திருக்கிறது என்பதே அவர்களுக்குப் பாதி மருந்தாயிற்று.

ஒரு முறை வந்த வழி

விழிப்புத் தியானத்தின் வேர் பௌத்த மரபில் உள்ளது. மூச்சையும் உடலின் உணர்வுகளையும், விருப்பு வெறுப்பின்றி, உள்ளது உள்ளவாறு நோக்கும் பயிற்சி அது. பர்மாவில் பிறந்த இந்திய வணிகர் எஸ். என். கோயங்கா கடுமையான ஒற்றைத் தலைவலியால் துன்புற்று, 1955இல் சயாஜி ஊ பா கின் என்னும் ஆசானிடம் சென்றார். தலைவலிக்கு மருந்தாக மட்டும் இதைக் கற்க வரலாகாது என்று ஆசான் முதலில் அவரை ஏற்கத் தயங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து அம்முறையைப் பரப்பினார்.

இம்முறையை மருத்துவமனைக்குள் கொண்டு சென்றவர் ஜான் கபட்-சின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர். மருந்துகளாலும் அறுவை மருத்துவத்தாலும் முழுமையாகத் தீராத நோவுடையோரை, 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒன்றுகூட்டி, சமயச் சார்பு நீக்கிய ஒரு பயிற்சியாக இதைக் கற்பித்தார். பின்னாளில் எட்டு வாரப் பாடமாக நிலைபெற்ற அப்பயிற்சியில் வாரம் ஒரு வகுப்பும், நாள்தோறும் வீட்டில் ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பழக்கமும் உண்டு. நாட்பட்ட வலியுடைய 51 பேரிடம் கண்ட பயனை 1982இல் அவர் வெளியிட்டார்.

அதன்பின் நடந்த ஆய்வுகளுள் இரண்டை இங்கே குறிக்கலாம். 2011இல் வெளியான ஒன்றில், நலமுள்ள 15 பேருக்கு நான்கு நாள் மட்டும் தியானம் கற்பித்து, காலில் சுடு கருவி வைத்து அளந்தனர். வலியின் கடுமை நூற்றுக்கு 40 அளவும், வலியால் விளையும் துன்ப உணர்வு நூற்றுக்கு 57 அளவும் குறைந்தன. வலி வேறு, அதனால் வரும் துன்பம் வேறு என்பதும், இரண்டாவதே கூடுதலாக இளகுகிறது என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கவை. 2016இல் வெளியான மற்றொன்று அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 342 பேரிடம் நடந்தது. ஆறு மாத முடிவில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு நடமாட்டமும் அன்றாட வேலையும் குறிப்பிடத்தக்க அளவு எளிதாயின. தியானம் கற்றவர்களுள் 61 பேருக்கு எளிதாயின. மனத்தையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு, அதாவது 58 பேர், பயன்கண்டனர். ஆகவே இது மாயமும் அன்று, ஒரே வழியும் அன்று. பயன் உண்டு, அது நடுத்தரமான பயன். அந்த ஆய்விலும் எட்டு வகுப்புகளுள் ஆறுக்கேனும் வந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேரே. இந்த எண்கள் வசதியுள்ள நாட்டில் எடுக்கப்பட்டவை என்பதையும், சேற்றில் குனிந்து நிற்பவர்களிடம் எடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

தாழ்வாரத்தில் நாங்கள்

தியானம் என்றவுடன் சம்மணமிட்டு, முதுகு நிமிர்ந்து, அசையாமல் அமர்ந்த ஓர் உருவம் மனத்தில் தோன்றும். எங்களுள் சம்மணமிடக்கூடியவர்கள் நால்வரே. சிலர் சுவரில் சாய்ந்து காலை நீட்டியும், சிலர் பள்ளிப் பெஞ்சிலும், ஒருவர் பாயில் படுத்தும் பழகினோம். இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை, இடுப்பு என்று கவனத்தை மெல்ல நகர்த்தி, உச்சந்தலை வரை உடலை ஒருமுறை வலம் வருவதே பயிற்சி. இதை நாங்கள் 'உடல் வலம்' என்று அழைத்தோம். கோயிலையும் ஊரையும் வலம் வந்த எங்களுக்கு அப்பெயர் எளிதில் நாவில் நின்றது.

முதல் சில வாரங்கள் கடினமாகவே இருந்தன. "நர்சம்மா, கண்ணை மூடுனா இடுப்புதான் முன்னால வந்து நிக்குது" என்றார் எங்களுள் மூத்தவரான பெரியம்மா. "வரட்டும் பெரியம்மா. அதை விரட்ட வேணாம். குடையுதா, கடுக்குதா, எரியுதா? அதை மட்டும் பாருங்க" என்றார் செவிலியர். முதல் மாலையில் எண்ணிய சொற்கள் இங்கேதான் கைகொடுத்தன. 'ஐயோ, வலி' என்று அதுவரை ஒரே பாறையாகக் கிடந்தது, பெயர் சொல்லிப் பார்க்கப் பார்க்கப் பிரிந்தது. இடப்பக்கத்தில் கடுப்பு, நடுவில் ஒரு குத்தல், அதற்கு வெளியே வலியே இல்லாத ஓரிடம் என்று எல்லைகள் தெரிந்தன. அது ஒரே சீராக நிற்காமல், அலைபோல் எழுந்து தணிகிறது என்பதும் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகச் சுமந்த வலிக்கு இடைவெளிகள் உண்டு என்பதை ஒரு பெண் முதன்முறையாகக் கண்டபோது, அந்த மகிழ்ச்சியை எங்களிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

அடுத்துக் கண்டது, வலியின்மேல் நாம் அடுக்கும் சுமைகளை. 'நாளை எப்படி நடவுக்குப் போவேன்? போகாவிட்டால் குழுக்கடனுக்கு என்ன செய்வேன்? படுத்துவிட்டால் மருமகள் என்ன நினைப்பாள்?' என்று மனம் ஒரே மூச்சில் பத்து ஆண்டுகள் முன்னே ஓடிவிடுகிறது. ஓடும் மனத்தோடு உடலும் இறுகுகிறது. இறுகிய தசை மேலும் வலிக்கிறது. வலியில் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இரட்டிக்கிறது. தையல் வேலை செய்யும் சகோதரி, இயந்திரம் ஓடாதபோதும் தாம் பற்களைக் கடித்துக்கொண்டு தோள்களைக் காதுவரை உயர்த்தி வைத்திருப்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கண்டபின் இறக்கிவைக்க முடிந்தது. காணும்வரை முடியவில்லை.

நாள்தோறும் முக்கால் மணி நேரம் என்பது எங்கள் ஊரில் நடவாத காரியம். நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, ஆறு மணிக்கு வயலில் இறங்கும் பெண்ணுக்கு அவ்வளவு நேரத்தை யார் தருவார்? ஆகவே மூன்று சிறு வேளைகளைப் பிடித்துக்கொண்டோம். விழித்தபின் பாயை விட்டு எழுமுன் சில நிமிடங்கள். குழாயடியிலோ பேருந்து நிறுத்தத்திலோ காத்திருக்கும்போது சில நிமிடங்கள். சேற்றில் கால் வைக்குமுன் வரப்பில் நின்று பத்து மூச்சுகள். தாழ்வாரத்து அமர்வு அரை மணி நேரம். அதன்பின் அரை மணி நேரம் பேச்சு. பேச்சும் தியானத்துக்கு இணையாகவே உதவியது என்பது எங்கள் அனுபவம்.

எல்லாருக்கும் ஒன்றுபோல் பயன் விளைந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. தென்னையிலிருந்து விழுந்த சகோதரருக்கு, கண்மூடி அமர்ந்த ஒவ்வொரு முறையும் அந்த வீழ்ச்சியே மீண்டும் மனத்தில் நிகழ்ந்தது, உடல் நடுங்கியது. நான்காம் வாரத்தில் அவரை நிறுத்தச் சொல்லி, மனநல மருத்துவரிடம் செவிலியர் அழைத்துச் சென்றார். இப்போது அவர் கண்திறந்து, மெதுவாக நடந்தபடி, பாதம் மண்ணில் படுவதை மட்டும் கவனித்துப் பழகுகிறார். இன்னொரு பெண், "தூக்கம் வருது, ஆனா வலி அப்படியேதான் இருக்கு" என்கிறார். ஏழு என்று வலிக்கு மதிப்பெண் இட்டவர்கள் ஆறு என்றோ ஐந்து என்றோதான் இறங்கியிருக்கிறார்கள். எனினும் அந்த வலியோடு பேரப்பிள்ளையைத் தூக்க முடிகிறது, திருமண வீட்டுக்குப் போய்வர முடிகிறது என்கிறார்கள். எண் கொஞ்சம் குறைந்தது. வாழ்வு அதைவிடக் கூடுதலாக மீண்டது.

இரண்டு ஐயங்கள்

எங்கள் உறவினரிடையே இரண்டு ஐயங்கள் எழுந்தன. இது வேற்றுச் சமயத்து வழிபாடு அல்லவா என்பது முதலாவது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாளிட்ட மடலில், பிற சமய மரபுகளின் தியான முறைகளைக் கிறித்தவை அல்ல என்பதற்காக மட்டும் எண்ணிப் பாராமல் ஒதுக்கிவிடலாகாது என்றும், கிறித்தவ இறைவேண்டலின் தன்மை மறைந்துவிடாதவாறு பயனுள்ளதை ஏற்கலாம் என்றும் வழிகாட்டியுள்ளது. உடலில் தோன்றும் அமைதியையே தூய ஆவியின் ஆறுதலாக மயங்கிவிடவேண்டாம் என்றும் அது எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கை எங்களுக்குப் பிடித்திருந்தது. உடல் வலத்தை நாங்கள் செபமாகக் கொள்வதில்லை. காலாற நடப்பதைப்போல அது உடலுக்கும் மனத்துக்கும் ஒரு பயிற்சி. செபிக்க விரும்புவோர் அந்த அமைதி வாய்த்தபின் அவரவர் முறைப்படி செபிக்கின்றனர். பக்கத்தில் அமர்ந்த இந்துச் சகோதரியும் அவ்வாறே.

இரண்டாவது ஐயம் ஆழமானது. வலி என்பது நாம் சுமக்கவேண்டிய சிலுவை அல்லவா. அதைக் குறைக்க முயல்வது சரியா என்பது. இக்கேள்வியை மருத்துவர்களே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் முன்வைத்தபோது, 1957 பிப்ரவரி 24 அன்று அவர் அளித்த விடை தெளிவானது: வலியைத் தணிக்கும் மருத்துவத்தை நோயாளர் ஏற்கலாம், உடல் நோவைத் தாங்கியே தீரவேண்டும் என்ற பொதுக் கடமை கிறித்தவருக்கு இல்லை. தம் உடலில் தைத்த முள் நீங்கவேண்டும் என்று பவுலடியார் மும்முறை மன்றாடினார். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே அந்தக் கிண்ணம் அகலவேண்டும் என்று முதலில் வேண்டினார். நீக்கக்கூடிய வலியை நீக்க முயல்வதும், நீங்காததோடு நிதானமாக வாழக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

பெரியம்மாவின் விடை

எங்களை மிகவும் சிந்திக்கவைத்த நிகழ்ச்சி வயலில் நடந்தது. நாங்கள் கூடுவதைக் கேள்வியுற்ற நிலக்காரர் ஒருவர், நடவு நாளில் சிரித்துக்கொண்டே, "தியானம் பண்ணுனா இடுப்பு வலி தெரியாதாமே! அப்போ இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அடுத்த வயலையும் முடிச்சிரலாம்" என்றார். நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி பெரியம்மா சொன்னார்: "தெரியாம இல்லைங்க ஐயா. இப்பத்தான் நல்லாத் தெரியுது. எப்ப நிமிரணும்னும் தெரியுது."

விழிப்புத் தியானத்தைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றுள் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. வலியை மறப்பதற்காக இதைக் கற்பிக்கிறோம் என்றால், உழைப்பவரின் வாயை மென்மையாக அடைப்பதற்கே அது பயன்படும். குனிந்தே பின்னோக்கி நகர்ந்து, கணுக்கால் அளவு சேற்றில், காலைமுதல் பிற்பகல்வரை நாற்று நடும் ஒருத்தியிடம், "உன் வலியை அமைதியாகப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூலியையும் வேலை நேரத்தையும் ஓய்வையும் பற்றிப் பேசாதிருப்பது அநீதி. வலியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் காரணமும் கூடவே தெரிந்துவிடுகிறது. பெரியம்மாவின் நடவுக் குழு, அந்தப் பருவம் முதல், குறிப்பிட்ட சில வரிசைகளுக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து நிமிர்ந்து, இடுப்பை வளைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்தபின்பே மீண்டும் குனிவது என்று முடிவு செய்தது. ஒருத்தி நிமிர்ந்தால் சோம்பல் என்பார்கள். இருபது பேரும் நிமிர்ந்தால் அது வழக்கமாகிவிடும். அந்த நிலக்காரரும் சில நாள் முணுமுணுத்துவிட்டுப் பின்னர் தேநீர் கொடுத்தனுப்பலானார்.

மற்றொரு கெடுதலும் எங்கள் ஊர்களில் உண்டு. "ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்டுப் போட்டுக்கொள்வதும், மருத்துவர் சீட்டின்றி வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் சாதாரணமாகிவிட்டன. இவ்வகை மாத்திரைகள் பல, நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் விளைவிக்கும். எங்களுள் சிலர் மருத்துவரின் ஆலோசனையோடு மாத்திரையைக் குறைத்திருக்கின்றனர். தாமாக நிறுத்தியவர் எவரும் இல்லை. நிறுத்தச் சொல்லவும் மாட்டோம்.

தொடங்க விரும்புவோருக்கு

இம்முறையைத் தம் ஊரில் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். முதலில் மருத்துவரைக் காணவேண்டும். கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், நெஞ்சுவலி ஆகியவை தியானத்துக்கு உரியவை அல்ல. உடனே மருத்துவமனைக்கு உரியவை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்பு ஆதரவும் அளிப்பது ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்யுங்கள். கேரளத்தில் 1990களில் வளர்ந்த நோய்த்தணிப்பு இயக்கம், பக்கத்து வீட்டாரே பயிற்சி பெற்று நோயாளரின் வீடு தேடிச் செல்லும் வழியைக் காட்டியது. வலிக்கு மருத்துவரின் அறிவு வேண்டும். அண்டை வீட்டாரின் காதும் வேண்டும். மூன்றாவது, புதுச் சொற்களைத் தேடி அலையவேண்டாம். உங்கள் ஊர்ப் பாட்டிமாரிடம் வலியின் பெயர்களைக் கேளுங்கள். பாடம் அதிலேயே இருக்கிறது. நான்காவது, அமர்வதில் எவருக்கேனும் நடுக்கமோ பீதியோ எழுந்தால், கண்களைத் திறக்கச் சொல்லுங்கள்; கட்டாயப்படுத்தாதீர்கள். கடைசியாக, எட்டு வாரங்களேனும் பொறுமையோடு இருங்கள். இரண்டு அமர்வில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுவோரே மிகுதி.

பங்குதோறும் அன்பியங்கள் கூடுகின்றன. பாடுகிறோம், வாசிக்கிறோம், விண்ணப்பங்களைச் சொல்கிறோம். 'நோயாளிகளுக்காக' என்று பொதுவாக மன்றாடிவிட்டுக் கலைந்து செல்கிறோம். அந்தக் கூட்டத்திலேயே, முழங்காலை மெல்லத் தடவியபடி அமர்ந்திருக்கும் ஒருவர் இருப்பார். அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படி வலிக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாமல் கேட்கக் கால் மணி நேரம் ஒதுக்குவோமா? சேர்ந்து பத்து மூச்சுகள் அமைதியாக அமர்வோமா? எங்கள் தாழ்வாரத்தில் இன்னும் நாலைந்து பாய்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு தாழ்வாரம் இருக்கும்.